தாராவியில் ஆரோக்கியப் பணிக்கு யாரிடம் கேட்பது: சிஎஸ்ஆரா, அறக்கட்டளையா, நம்ம ஜனமா?

போன மாதம் சயான் கோலிவாடாவிலிருந்து ஒரு சங்கத்துப் பெரியவர் எங்கள் அறைக்கு வந்தார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், பம்பாய்க்கு வந்து ஐம்பது வருஷம். அவர்கள் சங்கம் இதுவரை கோயில் திருவிழா, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம், யாராவது இறந்தால் உடலை ஊருக்கு அனுப்ப உதவி என்று செய்துவந்தது. இப்போது வயதானவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்து சுகர், பிரஷர் சோதிக்கும் வேலையைத் தொடங்க கமிட்டி முடிவெடுத்திருக்கிறது.

"தம்பி, கம்பெனிங்க சமூகப் பணிக்குத் தர்ற பணம், இந்த சிஎஸ்ஆர்னு சொல்றாங்களே, அது நமக்குக் கிடைக்குமா? இல்ல டாடா டிரஸ்ட் மாதிரி இடத்துக்கு எழுதிப் போடவா? எது சீக்கிரம் வரும்?" என்று கேட்டார்.

"சீக்கிரத்த விடுங்க அண்ணாச்சி. எந்தப் பணத்துல சம்பளம் போட விடுவாங்கன்னு முதல்ல பாப்போம்" என்றேன்.

தாராவியில் ஒரு சிறிய டிரஸ்ட்டின் கணக்கை ஒன்பது வருஷமாக எழுதுபவன் நான். அன்று அண்ணாச்சியோடு இரண்டு மணி நேரம் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். செம்பூரிலும் ஆண்டாப் ஹில்லிலும் மாட்டுங்காவிலும் இதே கேள்வியோடு சங்கங்கள் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும்.

சம்பளத்தை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. 90 அடி சாலைக்கு உள்ளே ஒரு கல்லியில், அதாவது சந்தில், இரும்பு ஏணி ஏறிப் போகும் மாடி அறையில் ஒரு தாத்தா இருக்கிறார். தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தவர். பிரஷர் குறையவே இல்லை. எங்கள் ஆரோக்கிய சேவகி அக்கா அவரிடம் "மாத்திரை சாப்பிட்டீங்களா" என்று கேட்பதில்லை. கேட்டால் "ஆமா தாயி" என்றுதான் பதில் வரும். அட்டையை எடுத்து வரச் சொல்லி, காலியான குழிகளை எண்ணுவார். அன்று இரண்டு மாத்திரை மீதி இருக்க வேண்டிய அட்டையில் ஏழு இருந்தது. மெதுவாகப் பேச்சுக் கொடுத்ததில் விஷயம் வெளியே வந்தது. அந்த மாத்திரை போட்டால் அடிக்கடி சிறுநீர் வருகிறது. பொதுக் கழிப்பறை கல்லியின் கடைசியில். ராத்திரியில் அந்த ஏணியில் இறங்க அவருக்குப் பயம், அதனால் இரவு மாத்திரையை விட்டுவிடுகிறார். அக்கா அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி டாக்டரிடம் கொடுத்தனுப்பினார். மாத்திரை காலை வேளைக்கு மாறியது.

டாக்டர் நம்மிடம் இல்லாமலில்லை. பக்கத்திலேயே சயான் ஆஸ்பத்திரி இருக்கிறது. தாராவிக்குள்ளேயே சோட்டா சயான் என்று ஜனங்கள் சொல்லும் அதன் கிளை இருக்கிறது. மாநகராட்சியின் 'ஆப்லா தவாகானா' மருந்தகங்களும் 2022லிருந்து திறந்திருக்கின்றன. இலவச மருந்தும் கிடைக்கிறது. அட்டையை எண்ணிப் பார்க்கும் ஆள்தான் இல்லை. ஆகவே இன்னொரு கிளினிக் கட்டப் பணம் தேட வேண்டாம், அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்கும் பணத்தைத் தேடுங்கள் என்பது என் கட்சி.

எங்கள் ஆண்டுச் செலவு ஏறத்தாழ 12 லட்சம். மூன்று சேவகிகளுக்குத் தலைக்கு 15,000, ஒரு நர்சுக்கு 22,000. ஆக, மூன்றில் இரண்டு பங்கு சம்பளத்துக்கே போகிறது. மீதி அறை வாடகை, சுகர் ஸ்ட்ரிப், ஆட்டோ, ஆடிட்டர். இந்த 12 லட்சத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு வழியையும் எடை போட்டேன்.

யாரிடம் போனாலும் முதலில் கேட்கப்படும் காகிதங்களைச் சொல்லிவிடுகிறேன். டிரஸ்ட் பதிவு, பான், 12ஏபி (டிரஸ்ட்டின் வருமானத்துக்கு வரி விலக்கு தரும் பதிவு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிக் கழிவு தரும் அனுமதி), மூன்று வருஷத்துத் தணிக்கைக் கணக்கு. கம்பெனிப் பணம் என்றால் சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு செய்து வாங்கிய எண்ணும் வேண்டும். 2021 ஏப்ரலிலிருந்து அது இல்லாமல் எந்தக் கம்பெனியும் உங்கள் மூலம் சிஎஸ்ஆர் செலவு செய்ய முடியாது. மகாராஷ்டிராவில் இன்னொன்றும் இருக்கிறது. டிரஸ்டிகளில் ஒருவர் இறந்தாலோ விலகினாலோ 90 நாளுக்குள் சேரிட்டி கமிஷனர் அலுவலகத்தில் சேஞ்ச் ரிப்போர்ட் போட வேண்டும். நாங்கள் இதில் தவறினோம். தலைவர் இறந்து ஒன்றரை வருஷம் அவர் பெயரே ஏட்டில் இருந்தது. ஓர் அறக்கட்டளை எங்கள் விண்ணப்பத்தை எல்லாம் படித்து, நேரில் வந்து பார்த்து, பிடித்துப்போய், கடைசியில் டிரஸ்டிகளின் பட்டியலைக் கேட்டபோது கையைப் பிசைந்தோம். தாமதத்துக்கு மன்னிப்பு மனு கொடுத்து, அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் அந்த ஆண்டுக்கான நிதி வேறிடம் போய்விட்டது. தப்பு முழுக்க எங்களுடையது.

இனி சிஎஸ்ஆர். நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு இது, 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. கம்பெனி இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. மித்தி ஆற்றுக்கு இந்தப் பக்கம் தாராவி, அந்தப் பக்கம் பெரிய கம்பெனிகளின் அலுவலகங்கள் நிறைந்த பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ். எங்கள் விண்ணப்பத்தின் முதல் பத்தியிலேயே இதைத்தான் எழுதுகிறோம்.

பெரிய தொகை வரக்கூடிய வழி இதுதான். ஆனால் இதில் மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

செயல்படுத்தும் அமைப்புக்கு அதே வகைப் பணியில் குறைந்தது மூன்று வருஷ அனுபவம் இருக்க வேண்டும் என்று விதி கேட்கிறது. கம்பெனி தானே தொடங்கிய டிரஸ்ட், அரசு தொடங்கிய அமைப்பு போன்றவற்றுக்குத்தான் இதில் விலக்கு. அண்ணாச்சியின் சங்கம் முப்பது வருஷப் பழசு, ஆனால் ஆரோக்கியப் பணியில் அனுபவம் இல்லை. ஆக இந்தக் கதவு அவர்களுக்கு இன்றைக்குத் திறக்காது. இப்போதிருந்தே எழுதி வைக்கும் பதிவேடுகள்தான் மூன்று வருஷம் கழித்து சாவியாகும்.

அடுத்தது, "நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் கூடாது, சம்பளம் தர முடியாது" என்று பல கம்பெனிகளின் ஆட்கள் சொல்வார்கள். இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வராதீர்கள். அந்த 5 சதவீத வரம்பு, கம்பெனி தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்தச் செய்யும் பொதுச் செலவுக்கு. திட்டத்தை நேரடியாக நடத்தும் செலவை அந்த விதி சேர்ப்பதே இல்லை. வீடு வீடாகப் போகும் சேவகியின் சம்பளம் திட்டச் செலவு. கம்பெனி விவகார அமைச்சகம் 2021இல் வெளியிட்ட கேள்வி பதில் விளக்கத்தில் இது தெளிவாக இருக்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கையில் கொண்டு போங்கள். சண்டைக்குப் போக வேண்டியதில்லை. எதிரில் இருப்பவருக்கும் தன் மேலதிகாரியிடம் காட்ட ஒரு தாள் தேவைப்படும்.

மூன்றாவது, மார்ச் மாதம். ஒரு வருஷம் மார்ச் இரண்டாவது வாரத்தில் ஒரு கம்பெனியிலிருந்து போன் வந்தது. 31ஆம் தேதிக்குள் செலவாக வேண்டிய பணம், ஏதாவது மெஷின் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். ஆசைப்பட்டு ஒப்புக்கொண்டோம். ஈசிஜி மெஷின் வந்தது. அதை இயக்க ஆள் வைக்கப் பணம் வரவில்லை, பேப்பர் ரோல் வாங்கவும் வரவில்லை. இரண்டு வருஷம் அது எங்கள் அறையின் மூலையில் பூப்போட்ட பெட்ஷீட் போர்த்தி நின்றது. அந்த அறையின் வாடகையில் ஒரு பங்கை அதற்காகவே கட்டிக்கொண்டிருந்தோம். கடைசியில், இயக்க ஆள் வைத்திருந்த இன்னொரு டிரஸ்ட்டுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தோம். இப்போது யார் கருவி தருகிறேன் என்றாலும், அதை நடத்தும் செலவு இரண்டு வருஷத்துக்குச் சேர்த்துத் தருவீர்களா என்று கேட்கிறேன். அதே சட்டத்தில், தொடர் திட்டம் என்று தீர்மானித்தால் தொடங்கிய ஆண்டு போக மேலும் மூன்று ஆண்டு வரை நடத்த இடமிருக்கிறது. கேட்பவர் கேட்டால்தான் அந்த வழி திறக்கும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. சிஎஸ்ஆர் கடமை 50 லட்சத்துக்குள் இருக்கும் கம்பெனிக்குத் தனிக் கமிட்டி கட்டாயம் இல்லை, இயக்குநர் குழுவே முடிவெடுக்கலாம். அந்தேரியிலோ தானேயிலோ உள்ள நடுத்தரக் கம்பெனியில் நம்ம ஆள் ஒருவர் அக்கவுண்ட்ஸில் இருந்தால், முதலாளியிடமே நேரில் பேசிவிடலாம். பெரிய பெயர்களின் பின்னால் அலைவதைவிட இது நல்லது என்பது என் அனுபவம். டிரஸ்ட்டின் மூலதன நிதிக்கு, அதாவது கார்ப்பஸுக்கு, சிஎஸ்ஆர் பணம் கேட்காதீர்கள். 2021 ஜனவரியிலிருந்து அது சிஎஸ்ஆர் செலவாகக் கணக்கில் வராது.

அறக்கட்டளைகளின் குணமே வேறு. பம்பாயில் இதற்கு நூறு வருஷப் பாரம்பரியம் இருக்கிறது. சர் ரத்தன் டாடா டிரஸ்ட் 1919, சர் தோராப்ஜி டாடா டிரஸ்ட் 1932. பரேலில் 1941இல் திறந்த டாடா மெமோரியல் ஆஸ்பத்திரி தோராப்ஜி டிரஸ்ட் எழுப்பியதுதான். புற்றுநோய் என்றால் நம் ஊரிலிருந்தே ரயிலேறி அங்கே வந்தவர்கள் எத்தனை பேர். பெங்களூரின் அசிம் பிரேம்ஜி அறக்கட்டளையும் தொண்டு அமைப்புகளுக்குப் பல ஆண்டு மானியம் தருகிறது.

இங்கே யாருக்கும் மார்ச் 31 அவசரம் இல்லை. வந்து உட்கார்ந்து பேசுவார்கள். ஓர் அறக்கட்டளையிலிருந்து வந்த பெண் எங்கள் அக்காவோடு ஒரு முழு நாள் கல்லி கல்லியாக நடந்தார். மாலையில் அவர் கேட்ட கேள்வி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "இந்த அக்கா வேலையை விட்டுப் போனால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் எங்கே இருக்கும்?" எங்களிடம் பதில் இல்லை. அன்றைக்குப் பிறகுதான் மாத்திரை எண்ணும் முறை உட்பட எல்லாவற்றையும் தமிழிலும் இந்தியிலும் ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினோம். பணம் வராவிட்டாலும் அந்த நாள் எங்களுக்கு லாபம்தான்.

சம்பளத்துக்குத் தயங்காமல் பணம் தருவதும், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒப்புக்கொள்வதும் பெரும்பாலும் இவர்கள்தான். குறை, காலம். முதல் கடிதத்திலிருந்து முதல் தவணை வரை எட்டு மாதம், ஒரு வருஷம் என்று இழுக்கலாம். சின்ன அமைப்புக்கு நேரடியாகக் கொடுக்கவும் தயங்குவார்கள். 12 லட்சம் தந்தாலும் 2 கோடி தந்தாலும் அவர்கள் தரப்பில் பார்க்க வேண்டிய வேலை ஒன்றே.

அதனால் சிறியவர்களுக்கு நான் சொல்லும் பாதை, ஏற்கெனவே வேரூன்றிய பெரிய அமைப்போடு சேர்ந்து வேலை செய்வது. தாராவியில் 'ஸ்னேஹா' என்ற தொண்டு அமைப்பு இருக்கிறது. சயான் ஆஸ்பத்திரியில் பச்சிளங்குழந்தைகள் பிரிவை நடத்திய டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் 1999இல் தொடங்கியது. இப்படிப்பட்ட அமைப்புகளுக்குத் தமிழ் பேசும் கல்லிக்குள் நம்பிக்கையோடு நுழைய ஆள் வேண்டும், நமக்கு முறையான பயிற்சி வேண்டும். ஒரு எச்சரிக்கை: அவர்கள் கையில் இருப்பது வெளிநாட்டு நிதி என்றால், அதிலிருந்து உங்களுக்குப் பிரித்துத் தர முடியாது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் (எஃப்சிஆர்ஏ) 2020 செப்டம்பரில் வந்த திருத்தம் அதைத் தடை செய்துவிட்டது. உள்நாட்டுப் பணமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சி இங்கே ஒரு சந்தேகம் கேட்டார். அவருக்குத் தெரிந்த ஒருவருக்கு டாடா டிரஸ்ட்டிலிருந்து சிகிச்சைக்குப் பணம் வந்ததே, அதே வழியில் போகலாமா என்று. அது தனி நோயாளிக்குத் தரும் மருத்துவ உதவி. சித்திவிநாயகர் கோயில் டிரஸ்ட் தருவதும் அந்த வகைதான். அமைப்புக்கான மானியம் வேறு, விண்ணப்பமும் வேறு.

வெளிநாட்டுப் பணம் பற்றிச் சுருக்கமாக. எஃப்சிஆர்ஏ பதிவு வேண்டுமென்றால் மூன்று வருஷம் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று வருஷத்தில் நோக்கத்துக்காக 15 லட்சமாவது செலவிட்டிருக்க வேண்டும். பணம் டெல்லி நாடாளுமன்றச் சாலையில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் இறங்க வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 12 லட்ச ரூபாய் அமைப்புக்கு இந்தப் பாரம் தேவையில்லை.

ஆனால் துபாயிலும் சிங்கப்பூரிலும் நம் பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்கள் அனுப்பினால்? பாஸ்போர்ட்டைப் பாருங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதியாகாது. துபாயில் இருக்கும் தம்பி தாராளமாகத் தரலாம். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிய மருமகன் அனுப்பினால், ஓசிஐ அட்டை (வேறு நாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் அட்டை) இருந்தாலும், அது வெளிநாட்டு நிதி. பதிவில்லாமல் வாங்கினால் குற்றம். ரசீதோடு பாஸ்போர்ட் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் பணம் திரட்டும் தளங்கள் ஒரு குழந்தையின் ஆபரேஷனுக்கு உதவும். மாதாமாதம் பிரஷர் பார்க்கும் வேலைக்கு அங்கே படம் எடுத்துப் போட எதுவும் இல்லை, நோயாளியின் முகத்தைக் காட்டவும் எனக்கு மனமில்லை. ஜனவரியில் நடக்கும் மும்பை மாரத்தானில் ஓடுபவர்கள் தொண்டு அமைப்புகளுக்காகப் பணம் திரட்டுவார்கள், யுனைடெட் வே மும்பை என்ற தொண்டு அமைப்பு அதை ஒருங்கிணைக்கிறது. உங்களுக்காக ஓடவும், நண்பர்களிடம் கேட்கவும் நாலு இளைஞர்கள் இருந்தால் முயலலாம். பங்குச் சந்தைகளில் தொண்டு அமைப்புகள் நிதி திரட்டும் சமூகப் பிரிவில் சேர முந்தைய ஆண்டுச் செலவே 50 லட்சம் இருக்க வேண்டும், அதனால் அதை விட்டுவிடுவோம்.

மிச்சம் இருப்பது நம்ம ஜனம். இதைச் சொன்னதும் அண்ணாச்சியின் முகம் கொஞ்சம் வாடியது. "திருவிழாவுக்குக் கேட்டாத் தருவான், இதுக்குத் தருவானா?" என்றார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு நாள் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். மாதம் 300 ரூபாய் தரும் 150 பேர் இருந்தால் வருஷத்துக்கு 5,40,000. எங்கள் மூன்று சேவகிகளின் ஒரு வருஷச் சம்பளம் சரியாக அதே 5,40,000. யாருக்கும் யூசி, அதாவது பணத்தை எப்படிச் செலவிட்டோம் என்ற சான்று, எழுத வேண்டாம், தவணைக்குக் காத்திருக்க வேண்டாம். இப்போது 94 பேர் தருகிறார்கள், பெரும்பாலும் போனில் தானியங்கிக் கட்டளை போட்டு. கோவிட் காலத்தில் ஒரு நிதி பாதியில் நின்றபோது அக்காக்களுக்குச் சம்பளம் போட்டது இந்தப் பணம்தான்.

வரிச் சலுகையைச் சொல்லிக் கேட்காதீர்கள். 80ஜியில் பாதித் தொகைக்குக் கழிவு உண்டு என்பது பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். புதிய முறையில் அது இல்லை, சம்பளக்காரர்களில் பலர் இப்போது அதில்தான் இருக்கிறார்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கழிவு இல்லை. இன்னொரு விஷயம், உண்டியல். பெயர் விலாசம் இல்லாத நன்கொடை, ஒரு லட்சம் அல்லது மொத்த நன்கொடையில் 5 சதவீதம், இதில் எது கூடுதலோ அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 30 சதவீதம் வரி. முழுக்க சமய டிரஸ்ட் என்றால் விலக்குண்டு, ஆரோக்கியப் பணி செய்யும் டிரஸ்ட்டுக்குக் கிடையாது. திருவிழாவில் உண்டியல் வைப்பதைவிட, பெயரும் பான் எண்ணும் எழுதும் நோட்டோடு ஒரு பெண்ணை உட்கார வையுங்கள்.

பணமாக வராத உதவி ஒன்றையும் இந்த ஒப்பீட்டில் சேர்த்தே ஆக வேண்டும், பல சங்கங்கள் இதைக் கவனிப்பதே இல்லை. மகாராஷ்டிரா பொது அறக்கட்டளைச் சட்டத்தின் 41ஏஏ பிரிவின்படி, அறக்கட்டளை ஆஸ்பத்திரிகள் 10 சதவீதப் படுக்கைகளை ஏழைகளுக்கு இலவசமாகவும், இன்னொரு 10 சதவீதத்தை நலிந்தவர்களுக்குச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்க வேண்டும். பம்பாய் உயர்நீதிமன்றம் 2006இல் வகுத்த திட்டப்படி, மற்ற நோயாளிகளின் பில் தொகையில் 2 சதவீதம் ஏழை நோயாளி நிதிக்குப் போகிறது. பம்பாயின் பெரிய பெரிய ஆஸ்பத்திரிகள் பல இந்தக் கணக்கில் வருகின்றன. தாசில்தார் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளரிடம் உட்கார்ந்து பேசும் பொறுமை, இவ்வளவுதான் தேவை. எங்கள் அக்காக்களில் ஒருவர் இதற்கென்றே பழகிக்கொண்டார். அவருக்குத் தரும் 15,000 ரூபாய்ச் சம்பளத்தில், சில மாதங்களில் லட்சக்கணக்கான ரூபாய்ச் சிகிச்சை நம் ஜனங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

காசநோய்க்கும் இப்படி ஒரு வழி உண்டு. சிகிச்சையில் இருப்பவருக்கு அரசு தரும் ஊட்டச்சத்துத் தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய். காசநோயாளிகளுக்கு உதவுபவர்களுக்கான அரசுத் திட்டத்தில் நிக்ஷய் மித்ரா என்று பதிவு செய்துகொண்டு நோயாளிக்கு மாதாமாதம் உணவுக் கூடை தரலாம். ஒரு கடைக்காரரிடம் 5,000 ரூபாய் கேட்பதைவிட, ஆறு மாதத்துக்குப் பருப்பும் எண்ணெயும் கேட்பது எளிது. அவரும் மனதோடு தருவார்.

எங்கள் முடிவு இப்படி: சேவகிகளின் சம்பளம் நம்ம ஜனத்தின் மாதச் சந்தாவிலிருந்து, 150 பேர் சேரும்வரை விடப்போவதில்லை. நர்ஸ், பயிற்சி, புதிய கல்லிகள், இதற்கு அறக்கட்டளை. ஸ்ட்ரிப், முகாம், நடத்தும் செலவோடு வரும் கருவி, இதற்கு நடுத்தரக் கம்பெனியின் சிஎஸ்ஆர். கட்டடத்துக்கு யார் தந்தாலும் இப்போதைக்கு வேண்டாம். தாராவி மறுசீரமைப்பில் எந்தக் கல்லி எங்கே போகும் என்று தெரியாமல் சுவர் எழுப்ப மாட்டோம். ஜனம் எங்கே போனாலும் அக்கா கூடவே போவார்.

அண்ணாச்சிக்குச் சொன்னது இதைவிடச் சின்னது. முதல் வருஷம் 40 பேரிடம் 300 ரூபாய். மாதம் 12,000 வரும். அதில் அரை நேர வேலைக்கு ஒரே ஒரு பெண்ணை வையுங்கள், உங்கள் சால் குடியிருப்பில் வயதானவர்களின் பட்டியலை எழுதட்டும், எண்ணிய ஒவ்வொரு அட்டையும் நோட்டில் ஏறட்டும். மூன்று வருஷம் கழித்து அந்த நோட்டுதான் சிஎஸ்ஆர்க்காரர் முன்னால் பேசும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மஞ்சள் பையோடு திரும்பி வந்தார். உள்ளே சங்கத்தின் பதிவுச் சான்று, டிரஸ்டிகள் பட்டியல். ஏழு பெயர்கள். விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னார்: "இவரு இல்ல. இவரும் இல்ல. இவரு ஊருக்கே போயிட்டாரு. இது நான்." ஏழில் மூன்று பேர்தான் மிச்சம். டீ சொல்லிவிட்டு, சேஞ்ச் ரிப்போர்ட் படிவத்தை எடுத்தேன். முதல் பெயருக்கு இறப்புச் சான்று வேண்டும் என்றேன். அது ஊரில் அவர் மகளிடம் இருக்கும் என்று சொல்லி, அங்கேயே போன் போட்டார்.